க்னூ/லினக்ஸில் மென்பொருள் நிறுவலும் பாதை மாறியும்

பாதை மாறி என்பது யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், பயனர் தட்டச்சிடும் கட்டளைக்குரிய நிரல் எந்தெந்த அடைவுகளில் தேடப்பட வேண்டும் என்பதைக் குறித்து வைக்கும் சூழல் மாறி ஆகும். இதன் ஆங்கிலப் பெயர் 'பாத்'. க்னூ/லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவிய பின்னர் "கட்டளை காணப்படவில்லை" என்ற பிழைச்செய்தி தோன்றினால், மென்பொருள் நிறுவப்படவில்லை என்று கருதுவதே பொதுவான வழக்கம். பல வேளைகளில் மென்பொருள் வட்டில் சரியாகவே இருக்கும். அது இருக்கும் அடைவு இம்மாறியில் இராது. இவ்வேறுபாட்டை அறியாமல் இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவுவோர் உண்டு. அதில் பயனரின் சொந்தக் கோப்புகளும் அழிந்துபோக நேரிடும்.

இக்கட்டுரையில் கட்டளைகளும் அடைவுப் பெயர்களும் ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன. முனையத்தில் இவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும். பாத், ஹோம் போன்ற சூழல் மாறிகளை மட்டும் பேரெழுத்துகளில் இட வேண்டும். க்னூ/லினக்ஸ் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வெவ்வேறாகவே கொள்ளும்.

வரலாறு

தொடக்ககால யுனிக்ஸில் தேடலுக்குரிய அடைவுகள் கட்டளைச் செயலிக்குள்ளேயே நிலையாக எழுதப்பட்டிருந்தன. முதலில் நடப்பு அடைவு, அடுத்து /பின், அதன்பின் /யூஎஸ்ஆர்/பின் என்ற வரிசையில் நிரல் தேடப்பட்டது. பயனர் இவ்வரிசையை மாற்ற இயலாது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸ், ஸ்டீபன் போர்ன் எழுதிய கட்டளைச் செயலியையும் சூழல் மாறிகளையும் கொண்டிருந்தது. அதன் வழியே பாதை மாறி பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. 1991இல் தொடங்கிய லினக்ஸும், அதன்மேல் இயங்கும் பாஷ் முதலிய கட்டளைச் செயலிகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

/பின், /யூஎஸ்ஆர்/பின் என இரண்டு அடைவுகள் இருப்பதற்கு இன்று பெரிய காரணம் எதுவும் இல்லை. 2012இல் ஃபெடோரா 17 இவ்விரண்டையும் ஒன்றாக்கியது. 2023இல் வெளியான டெபியன் 12 இவ்விணைப்பைக் கட்டாயமாக்கியது. பழைய பெயர்கள் இணைப்புகளாகத் தொடர்வதால் பழைய நிரல்கள் பாதிக்கப்படுவதில்லை.

சென்னையில் க்னூ/லினக்ஸ்

இச்சிக்கல் தமிழக மாணவர்களுக்கு நூலறிவாக மட்டும் நின்றுவிடாமல் அன்றாட அனுபவமாக மாறியதில் தென்சென்னை நிறுவனங்கள் சிலவற்றின் பங்கு உண்டு. இந்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை 2005இல் கட்டற்ற திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை அமைத்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையும், குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இதில் பங்கேற்றன. தரமணி டைடல் பூங்காவில் இயங்கிய சி-டாக் சென்னைக் கிளை, டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாரத் இயங்குதளத் தீர்வுகள்' என்ற வழங்கலை உருவாக்கியது. சுருக்கமாக பாஸ் லினக்ஸ் எனப்படும் இதன் முதற்பதிப்பு 2007இல் வெளியானது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இடைமுகம் அமைத்திருந்தது இதன் சிறப்பாகும்.

நந்தனத்தில் தலைமையகம் கொண்ட தமிழ்நாடு மின்னணுவியல் கழகம் (எல்காட்), சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007ஆம் ஆண்டளவில் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்திற்குக் கொள்முதல் செய்ததும் எல்காட்டே. அம்மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. கணினியை இயக்கியவுடன் தோன்றும் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இவ்வாறு, வீட்டில் முன்பு கணினியே இல்லாத மாணவர் பலருடைய கைக்கு ஒரு டெபியன் வகை இயங்குதளம் சென்று சேர்ந்தது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுக்கு வந்ததை ஒட்டி, அரசுத் துறைகளும் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழக அரசு அறிவுறுத்தியது.

இயங்குதளம் கிடைத்த அளவுக்கு, அதைப் பழுதுநீக்கும் அறிவு தமிழில் கிடைக்கவில்லை என்றே சொல்லவேண்டும். சென்னையில் இருந்தோருக்கு ஒரு வசதி இருந்தது. இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை, அடையாற்றை அடுத்த இந்திய தொழில்நுட்பக் கழக வளாகத்தில் பல ஆண்டுகள் மாதந்தோறும் கூடியது. தரமணியிலோ அடையாற்றிலோ இருந்த மாணவர் ஐயத்தை நேரில் கேட்டுத் தெளியலாம். வெளிமாவட்ட மாணவருக்குத் திரையில் தெரியும் ஒற்றை வரிப் பிழைச்செய்தி மட்டுமே துணை. அச்செய்திகளைப் படிக்கும் முறையே கீழ்வரும் பகுதிகளின் பொருளாகும்.

இயங்கும் முறை

பாதை மாறியின் மதிப்பு, முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட அடைவுகளின் வரிசை ஆகும். 'எக்கோ $பாத்' என்ற கட்டளை அதனைக் காட்டும். டெபியனில் சாதாரணப் பயனருக்கு இது பெரும்பாலும் பின்வருமாறு அமையும்:

/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/பின்:/பின்:/யூஎஸ்ஆர்/லோக்கல்/கேம்ஸ்:/யூஎஸ்ஆர்/கேம்ஸ்

ஒரு கட்டளையை இட்டதும், கட்டளைச் செயலி முதலில் அது தன் உள்ளமைந்த கட்டளையா எனப் பார்க்கும். அன்றெனில் இவ்வடைவுகளை இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் அகப்படும் நிரலை இயக்கும். ஆகவே ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் இருந்தால் வரிசையில் முந்தியதே இயங்கும். புதிய பதிப்பை நிறுவிய பின்னும் பழைய பதிப்பே இயங்குவதற்கு இது முதற்காரணம். 'டைப் -ஏ' என்ற கட்டளையுடன் நிரலின் பெயரைச் சேர்த்து இட்டால், அப்பெயரில் அகப்படும் அனைத்தும் வரிசையாகத் தெரியும். 'விச்' என்ற கட்டளையும் இதற்குப் பயன்படுகின்றது. ஆனால் அது தனி நிரலாக இருக்கும் இடங்களில் மாற்றுப்பெயர்களையும் உள்ளமைந்த கட்டளைகளையும் அறியாது; எனவே 'டைப்' கட்டளையே நம்பத்தக்கது.

கட்டளையில் சாய்கோடு ஒன்று இருந்தால் தேடல் நிகழாது. './நிரல்' என்பது நடப்பு அடைவில் உள்ள நிரலையே குறிக்கும். விண்டோஸிலிருந்து வருவோர் இதனால் குழம்புவதுண்டு. விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரம் நடப்பு அடைவில் உள்ள நிரலைத் தானே எடுத்துக்கொள்ளும். க்னூ/லினக்ஸில் அவ்வாறு செய்யாமைக்குப் பாதுகாப்பே காரணம். புள்ளியைப் பாதை மாறியின் தொடக்கத்தில் சேர்த்துவிட்டால், எவரேனும் ஒரு பொது அடைவில் 'எல்எஸ்' என்ற பெயரில் தீங்கான நிரலொன்றை வைத்துவிட்டு, அவ்வடைவுக்கு வருவோர் கோப்புகளைப் பட்டியலிடும் வரை காத்திருந்தால் போதும். கல்லூரி ஆய்வகம் போலப் பலர் புழங்கும் கணினிகளில் இவ்வாறு புள்ளியைச் சேர்ப்பது தவிர்க்கப்பட வேண்டியது.

பாஷ் செயலி, ஒருமுறை கண்டுபிடித்த நிரலின் இருப்பிடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. நிரலை வேறு அடைவுக்கு மாற்றிய பின்னரும் அது பழைய இடத்தையே நாடி, கோப்பு இல்லை என்று கூறும். 'ஹாஷ் -ஆர்' என்ற கட்டளை அந்நினைவை அழிக்கும். புதிய முனையம் ஒன்றைத் திறந்தாலும் போதும். கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் சிக்கல் தீர்ந்துவிட்டதாகச் சொல்லப்படும் நிகழ்வுகள் சிலவற்றின் உண்மைக் காரணம் இதுவே.

நிர்வாகியின் பாதை

மேற்காட்டிய வரிசையில் /எஸ்பின், /யூஎஸ்ஆர்/எஸ்பின் ஆகியவை இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பயனரைச் சேர்த்தல், வட்டினைப் பகுத்தல் போன்ற நிர்வாகக் கட்டளைகள் இவற்றிலேயே உள்ளன. 2019இல் வெளியான டெபியன் 10இல் 'எஸ்யூ' கட்டளையின் இயல்பு மாறியது. அதுவரை 'எஸ்யூ' என்று மட்டும் இட்டாலே நிர்வாகியின் பாதை கிடைத்தது. அதற்குப் பின் பயனரின் பழைய பாதையே தொடர்கிறது; 'எஸ்யூ -' என இறுதியில் சிறுகோட்டையும் சேர்த்தால்தான் நிர்வாகியின் சூழல் முழுமையாகக் கிடைக்கும். பழைய கையேடுகளைப் பார்த்துச் செய்வோர், நிர்வாகியாக நுழைந்த பின்னும் கட்டளை காணப்படவில்லை என்ற செய்தியைப் பெறுவது இதனாலேயே. மென்பொருளை நிறுவும்போது 'எல்டிகான்ஃபிக்' பாதையில் இல்லை என்ற எச்சரிக்கையுடன் நிறுவல் நின்றுவிட்டால் காரணம் இதுவே.

'சுடோ' கட்டளை வேறு விதமானது. அது பயனரின் பாதை மாறியைப் புறக்கணித்து, தன் அமைவுக் கோப்பில் உள்ள பாதுகாப்பான பாதையையே பயன்படுத்துமாறு டெபியனில் அமைக்கப்பட்டுள்ளது. எனவே பயனர் தன் பாதையில் சேர்த்த நிரல் தனியே இயங்கி, 'சுடோ'வுடன் இயங்காமற் போகலாம். நிரலின் முழுப் பாதையையும் எழுதுவது எளிய தீர்வாகும். குறித்த நேரத்தில் தானே இயங்குமாறு 'கிரான்' வழியே அமைக்கப்படும் பணிகளுக்கும் இது பொருந்தும். அங்கே பாதை மாறி மிகச் சுருக்கமாகவே இருக்கும்.

பாதையைத் திருத்துதல்

தம் வீட்டடைவில் 'நிரல்' என்ற அடைவை உருவாக்கி, அதில் நிரல்களை வைத்திருக்கும் பயனர் பின்வருமாறு எழுதலாம்:

எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/நிரல்:$பாத்"

இறுதியில் உள்ள $பாத் என்பதை விட்டுவிடுவதே இதில் நேரும் பெரிய தவறு. அவ்வாறு விட்டால் பழைய வரிசை முழுதும் மறைந்து, 'எல்எஸ்' முதலான எளிய கட்டளைகளும் காணப்படவில்லை என்ற செய்தியே வரும். கணினி பழுதாகிவிட்டது என அஞ்ச வேண்டியதில்லை. நிரல்கள் வட்டில் அப்படியே உள்ளன. '/பின்/எல்எஸ்' என முழுப் பாதையுடன் இட்டால் இயங்கும். 'சிடி', 'எக்கோ', 'எக்ஸ்போர்ட்' ஆகியவை பாஷின் உள்ளமைந்த கட்டளைகள் ஆதலால் பாதை இல்லாமலும் இயங்கும். 'எக்கோ *' என இட்டால் நடப்பு அடைவின் கோப்புகளைக்கூடப் பார்த்துவிடலாம். அம்முனையத்தை மூடிவிட்டுப் புதியதைத் திறந்தால் பழைய நிலை திரும்பும். தவறான வரி தொடக்கக் கோப்பில் எழுதப்பட்டிருந்தால் மட்டும், '/யூஎஸ்ஆர்/பின்/நானோ' என முழுப் பாதையுடன் தொகுப்பியை அழைத்து அவ்வரியைத் திருத்த வேண்டும்.

முனையத்தில் இடும் கட்டளை அம்முனையத்துடன் மறைந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமாயின் வீட்டடைவில் உள்ள மறைகோப்பு ஒன்றில் எழுத வேண்டும். இங்கே '.ப்ரொஃபைல்', '.பாஷ்ஆர்சி' என்ற இரண்டும் குழப்பம் தருபவை. முன்னது பயனர் புகுபதியும்போது ஒருமுறை மட்டும் படிக்கப்படும்; பின்னது ஒவ்வொரு புதிய முனையத்திற்கும் படிக்கப்படும். '.ப்ரொஃபைல்' கோப்பில் எழுதிவிட்டுப் புதிய முனையத்தைத் திறந்து பார்ப்போருக்கு மாற்றம் தெரியாது. வெளியேறி மீண்டும் புகுபதிய வேண்டும். '.பாஷ்_ப்ரொஃபைல்' என்றொரு கோப்பு இருந்தால் பாஷ் அதனை மட்டுமே படித்து, '.ப்ரொஃபைல்' கோப்பைத் தொடாது. சில மென்பொருள் நிறுவிகள் பயனரைக் கேளாமலே அக்கோப்பை உருவாக்கிவிடுவது கண்டிக்கத்தக்க பழக்கமாகும்.

பைத்தான் பொதிகளை 'பிப்' வழியே தம் கணக்கில் நிறுவுவோருக்கு நிரல்கள் வீட்டடைவின் '.லோக்கல்/பின்' அடைவில் சேரும். டெபியனின் '.ப்ரொஃபைல்' கோப்பு, புகுபதியும் வேளையில் அவ்வடைவு இருந்தால் மட்டுமே அதைப் பாதையில் சேர்க்கும். முதல் பொதியை நிறுவும்போதுதான் அவ்வடைவு உருவாகும் என்பதால், முதல் நிரல் மட்டும் அன்று இயங்காது, மறுநாள் இயங்கும்! டெபியன் 12 முதல், இயங்குதளத்தின் பைத்தானுக்குள் நேரடியாகப் பொதி நிறுவுவது தடுக்கப்பட்டுள்ளது. தனி மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி அதனுள் நிறுவுதலே முறை.

கோப்பு இருந்தும் இயங்காமை

முழுப் பாதையைக் கொடுத்தும் நிரல் இயங்கவில்லை எனில் சிக்கல் பாதை மாறியில் இல்லை. "அனுமதி மறுக்கப்பட்டது" என வந்தால் கோப்புக்கு இயங்கும் உரிமை இல்லை. 'சிஹெச்மோட் +எக்ஸ்' அதனைத் தரும். நிரல் விரலியில் (பென் டிரைவ்) இருந்தால் அக்கட்டளையும் பலன் தராமல் போகலாம். விரலிகளில் பொதுவாக உள்ள ஃபேட் கோப்பு முறைமையில் அவ்வுரிமையைக் குறித்துவைக்க இடமே இல்லை. கோப்பை வீட்டடைவுக்குப் படியெடுத்த பின் உரிமை அளிக்க வேண்டும்.

"அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை" என்ற செய்தி, கண்முன் இருக்கும் கோப்புக்கு வருவதே பயனரை மிகவும் திகைக்க வைப்பது. இல்லாதது அக்கோப்பு அன்று. அதனை இயக்குவதற்குத் தேவையான வேறொரு கோப்பு. இதற்கு இரு காரணங்கள் உண்டு. விண்டோஸில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பின் வரி இறுதியில் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒன்று இருக்கும். முதல் வரியில் குறிக்கப்பட்ட செயலியின் பெயரோடு அக்குறியும் சேர்ந்துவிடுவதால் அப்பெயரில் செயலி இல்லாமற் போகிறது. இரண்டாவது, 32 பிட் நிரலை 64 பிட் இயங்குதளத்தில் இயக்க முயல்வது. அந்நிரலை ஏற்றுவதற்குரிய 32 பிட் ஏற்றி அங்கே இராது. இதன் மறுதலையாக, 64 பிட் நிரலை 32 பிட் இயங்குதளத்தில் இட்டால் கோப்பின் வடிவம் தவறு என்ற வேறு செய்தி வரும். 'ஃபைல்' என்ற கட்டளை நிரல் எவ்வகையினது எனச் சொல்லும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 முதல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி வழங்கப்படுவதில்லை. பழைய மடிக்கணினி வைத்திருப்போர் இதனை அறிந்திருத்தல் நலம்.

பொதி நிறுவலில் ஏற்படும் சிக்கல்கள்

டெபியன் வகை வழங்கல்களில் 'ஆப்ட்' கருவி களஞ்சியத்திலிருந்து பொதியையும் அது சார்ந்துள்ள ஏனைய பொதிகளையும் சேர்த்துக் கொணரும். 'டிபிகேஜி' கருவி பொதியை நிறுவுமேயன்றி, சார்ந்தவற்றைத் தேடாது. இணைய இணைப்பு இல்லாத வீட்டுக் கணினிக்கு விரலியில் ஒரு பொதியை மட்டும் எடுத்துச் சென்றால் நிறுவல் பாதியில் நிற்பது இதனால்தான். இணைப்பு கிடைக்கும்போது 'ஆப்ட்-கெட் -எஃப் இன்ஸ்டால்' விடுபட்டவற்றை நிறைவுசெய்யும். மின்வெட்டினால் நிறுவல் இடையில் அறுந்திருந்தால் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' விட்ட இடத்திலிருந்து தொடரும். வேறு நிரல் பொதிமுறையைப் பூட்டி வைத்திருப்பதாகச் செய்தி வந்தால் சற்றுப் பொறுத்திருப்பதே சரி. பின்னணியில் இற்றைப்படுத்தல் நடந்துகொண்டிருக்கக்கூடும். பூட்டுக் கோப்பை அழிக்குமாறு சொல்லப்படும் அறிவுரை, பொதித் தரவுத்தளத்தையே சிதைத்துவிடக்கூடியது.

பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த மடிக்கணினியில் வேறு இரு தடைகள் எழும். ஆதரவு முடிந்த பதிப்புகளின் பொதிகளை டெபியன் தன் பழைய களஞ்சியக் காப்பகத்திற்கு மாற்றிவிடுகிறது. அமைவுக் கோப்பில் உள்ள பழைய முகவரியில் எதுவும் கிடைக்காது. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்திருந்தால் கணினியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருக்கும். அந்நிலையில் களஞ்சியத்தின் கையொப்பம் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று மறுக்கப்படும். பிணையக் கோளாறு எனத் தேடிக் களைக்கும் முன் 'டேட்' கட்டளையை இட்டு நாளைச் சரிபார்ப்பது நன்று.

மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவுவோருக்கு நிரல்கள் வழக்கமாக /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவில் சேரும். நிரல் அகப்பட்டும், பகிர்வு நூலகம் திறக்க இயலவில்லை என்ற பிழை வரலாம். நூலகங்கள் பாதை மாறியின் வழியே தேடப்படுவதில்லை. அவற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு. நிர்வாகியாக 'எல்டிகான்ஃபிக்' கட்டளையை ஒருமுறை இட்டால் பட்டியல் புதுப்பிக்கப்படும். ஜாவாவின் 'கிளாஸ்பாத்' மாறியும் அவ்வாறே வேறானது. 'ஜாவாசி' காணப்படவில்லை என்ற செய்திக்கு அம்மாறியைத் திருத்திப் பயனில்லை. பெரும்பாலும் இயக்கச்சூழல் மட்டும் நிறுவப்பட்டு, நிரலாக்கத் தொகுப்பு நிறுவப்படாமல் இருக்கும்.

தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகள்

தமிழ் இடைமுகத்தைத் தேர்ந்தெடுக்கும் பயனருக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. முதன்முறை புகுபதியும்போது மேசைத்தளம், பதிவிறக்கங்கள் போன்ற அடைவுகளின் பெயர்களும், மொழிபெயர்ப்பு இருக்குமாயின், தமிழிலேயே உருவாகும். ஆங்கிலப் பெயரை எதிர்பார்த்து எழுதப்பட்ட நிறுவல் கட்டளைகள் அங்கே தவறும். 'எக்ஸ்டிஜி-யூசர்-டிர்' கட்டளை உண்மையான அடைவு எது எனச் சொல்லும்.

லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்கு மிகாது. யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் தேவை. 'சென்னை' என்ற சொல் 6 குறிகளால் ஆனது. எனவே 18 பைட்டுகள். ஆக, ஒரு பெயரில் 85 தமிழ்க் குறிகளே அடங்கும். நீண்ட கட்டுரைத் தலைப்புகளைக் கோப்புப் பெயராக இட முனைவோர் இவ்வெல்லையை எளிதில் தொட்டுவிடுவர்.

இதனினும் நுட்பமானது உயிர்மெய்யின் இரட்டை வடிவம். 'கொ' என்ற எழுத்தை, ககரத்துடன் ஒகரக் குறியைச் சேர்த்து இரு குறிகளாகவும் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என மூன்று குறிகளாகவும் எழுதலாம். யூனிகோடு தரம் இவ்விரண்டையும் சமமானவை என்கிறது; திரையிலும் வேறுபாடு தெரியாது. லினக்ஸ் கருனியோ பெயரைப் பைட்டுகளின் வரிசையாக மட்டுமே பார்க்கிறது. ஒரு விசைப்பலகை மென்பொருளால் பெயரிட்ட 'கொடை' என்ற கோப்பை, வேறொன்றால் தட்டச்சிட்டுத் தேடினால் கோப்பு இல்லை என்றே வரும். ஒரே அடைவில் ஒரே பெயருடன் இரு கோப்புகள் இருப்பதுபோலவும் தோன்றலாம். பெயரின் முதலெழுத்தை இட்டுத் தத்தல் விசையை அழுத்தி, எஞ்சியதைக் கட்டளைச் செயலியையே நிரப்பச் செய்வது இதற்குப் பாதுகாப்பான வழி.

1999இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் குறியேற்றங்களிலோ, இணையத்தில் பரவியிருந்த டிஸ்கி குறியேற்றத்திலோ பெயரிடப்பட்ட பழைய கோப்புகள், 2010இல் அரசு யூனிகோடை ஏற்ற பின்னர் வந்த கணினிகளில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். அவற்றின் உள்ளடக்கம் பெரும்பாலும் கெடுவதில்லை; பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, உரையைக் குறியேற்ற மாற்றியால் மீட்கலாம். வரைகலைச் சூழல் பழுதாகி வெற்று முனையத்தில் பணிபுரிய நேர்ந்தால் தமிழ் எழுத்துகள் அங்கே தெரியாது என்பதால், பழுதுநீக்கத்திற்குத் தேவைப்படும் நிரல்களையும் அடைவுகளையும் ஆங்கில எழுத்துகளில் பெயரிட்டு வைப்பது நடைமுறையில் உதவும். தமிழில் தோன்றும் பிழைச்செய்தியின் ஆங்கில மூலத்தை அறிய, கட்டளைக்கு முன் 'எல்சி_ஆல்=சி' எனச் சேர்த்து மீண்டும் இட வேண்டும்; மாறியின் பெயரும் மதிப்பும் பேரெழுத்தில் அமைய வேண்டும்.